மூன்றாவது மேப்

சுண்ணாம்புக்குளம்
15 ஜூன் 2025

நீலமேகம் அண்ணனுக்கு,

செவ்வந்தி எழுதுகிறேன். லோகு அண்ணனின் தங்கை. நான்கு முறை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஐந்தாவது முறை அழைப்பே போகவில்லை. காரின் பழைய ஆர்சி நகலில் உங்கள் மீஞ்சூர் முகவரி இருந்தது. அதனால் கடிதம்.

கார் என்றால் அதே கார்தான். செங்குன்றத்தில், பழைய வண்டிகள் விற்கிற இடத்தில் ஏப்ரலில் பார்த்தேன். வெள்ளை போய்ச் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். சந்தேகமாக இருந்தது. டிக்கியைத் திறந்தேன். ஐஸ் பெட்டி உரசிய இரண்டு கோடுகள் அப்படியே இருந்தன. வாங்கிவிட்டேன். பொன்னேரியில் கணக்கு டீச்சர் வேலை. தினம் அதில்தான் போகிறேன்.

டேஷ்போர்டின் ஓரத்தில் உள்ள சுவிட்ச் இன்னும் வேலை செய்கிறது. மேலே தள்ளினால் ஒரு வண்டி. கீழே தள்ளினால் இன்னொரு வண்டி. சின்ன வயதில் இதை மந்திரம் என்று நினைத்திருந்தேன். பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே இன்று யார் பாடு என்று சொல்வேன். ஏரியில் ஒரு கூட்டத்துக்கு ஒரு நாள் என்று பாடு பிரிப்பதைப் போல நீங்கள் இருவரும் காரைப் பிரித்துக்கொண்டீர்கள். ஒற்றைப்படைத் தேதி உங்களுக்கு. இரட்டைப்படை அண்ணனுக்கு. முப்பத்தொன்றாம் தேதி யாருக்கும் இல்லை, அன்று எல்லோரும் போவோம். முப்பத்தொன்று வருகிற மாதங்களை நான் பள்ளி டைரியில் குறித்து வைத்திருந்தேன்.

இந்த வண்டியின் கம்ப்யூட்டருக்குள் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். 2019, ஜூன் 11. நைனாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, நாங்கள் சென்னைக்குக் கிளம்பினோம். கார் நாற்பதுக்கு மேல் போகவில்லை. முன்னமே அப்பாவைக் கொண்டுவந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். முந்தின நாள் காருக்குப் படகு டீசல் ஊற்றியது அண்ணன். அதுதான் இன்ஜினை அடைத்துவிட்டது என்று அவனே முடிவு செய்துகொண்டான். ஆறு வருடமாக நைனாவுக்குச் சவரம் செய்கிற ஒவ்வொரு முறையும் அவர் காதில் சொல்கிறான், "மன்னிச்சுரு நைனா, நாந்தான்."

நான் காரை வாசலில் நிறுத்தினால் அவன் பின்பக்கமாக வெளியே போகிறான்.

டீசல் மட்டும்தானா? எனக்கு அது தெரிய வேண்டும்.

செவ்வந்தி


மீஞ்சூர்
24 ஜூன் 2025

செவ்வந்திக்கு,

ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால்தான் எடுக்கவில்லை என்று எழுத ஆரம்பித்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். எடுக்கப் பிடிக்கவில்லை. உன் குரல் இப்போது எப்படி இருக்கும் என்று தெரியாது. பின் சீட்டிலிருந்து "இன்னிக்கி நீலு அண்ணன் பாடு!" என்று கத்துகிற குரல்தான் தெரியும். அதுவே இருக்கட்டும்.

இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஒரு பெரிய அட்டவணை, அவ்வளவுதான். மேல் வரிசையில் இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது. பக்கத்து வரிசையில் உன் கால் எவ்வளவு அழுத்துகிறது. இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் ஒரு எண். அந்த அளவுக்கு டீசல் உள்ளே போகும். அந்த எண்களை மாற்றினால் வண்டியின் குணம் மாறும். அந்த அட்டவணையைத்தான் மேப் என்கிறோம். கணக்கு டீச்சருக்கு இது போதும்.

மேலே இருப்பது உன் அண்ணன் மேப். அவனுக்கு இறால் பெட்டி. மணலில் பாரத்தோடு ஏற வேண்டும், குலுங்கக் கூடாது. அதை எழுத எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்வேன். அவன் ஓட்டுவான். பின்னால் ஒரு பெட்டி நிறையத் தண்ணீர், மூடி கிடையாது. எளாவூர் செக்போஸ்ட் வரை போய்த் திரும்பினால் எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று பார்ப்போம். நான் ஒரு எண்ணை மாற்றுவேன், மறுபடியும் போவோம். செக்போஸ்ட்காரருக்கே சலித்துவிட்டது. "இன்னாடா, ஏரித் தண்ணிய ஆந்திராவுக்குக் கடத்துறீங்களா?" என்று கேட்டார். லோகு இறங்கி, "ஆமா சார், தவணை மொறைல," என்றான். பன்னிரண்டாவது முறை ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தான்.

கீழே இருப்பது என் மேப். அது எதற்கும் உபயோகம் இல்லை. வேகத்துக்கு மட்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று தாண்டியதும் பின்னால் யாரோ கை வைத்துத் தள்ளுவதைப் போல இருக்கும். கரும்புகை விடும். லோகு திட்டுவான். "ஒனக்கு எங்கடா போவணும் அவ்ளோ ஜல்தியா?" எனக்குப் போக எந்த இடமும் இல்லை. அந்த வயதில் அது தேவைப்படவில்லை.

இப்போது கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். ஜன்னல் ஓரம் கிடைத்தால் தூங்கிவிடுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். டீசல்தான். படகு டீசலில் தண்ணீரும் அழுக்கும் இருக்கும், கார் இன்ஜினுக்கு ஆகாது. லோகுவே சொன்னதுதானே. போனதைக் கிளறாதே.

நீலமேகம்


சுண்ணாம்புக்குளம்
6 ஜூலை 2025

நீலமேகம் அண்ணனுக்கு,

தண்ணீர்ப் பெட்டிக் கதை எனக்குத் தெரியாது. அண்ணன் சொன்னதில்லை. படித்துவிட்டுச் சிரித்தேன். உங்கள் கடிதத்தில் இருக்கிற அண்ணனை நான் பார்த்து நாளாகிறது.

ஆனால் கிளறிவிட்டேன்.

செங்குன்றத்தில் துளசிங்கம் என்று ஒருவர். வண்டியின் கம்ப்யூட்டரைக் கழற்றிப் படிக்கிற வேலை. போன சனிக்கிழமை கொண்டுபோனேன். லேப்டாப்பில் மாட்டி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"யாரும்மா இத எழுதுனது?"

"தெரிஞ்சவரு. ஏன்?"

"கில்லாடி. ஆனா பேஜாரு புடிச்ச ஆளு. சுவிட்சு ரெண்டுக்குத்தான கீது? உள்ள மூணு மேப்பு வெச்சிருக்கான் பாரு."

மூன்றாவதைத் திரையில் காட்டினார். அட்டவணையை நான் படித்தேன். இடது ஓரம் வழக்கமான எண்கள். ஆயிரத்து அறுநூறு சுற்றுக்கு அப்புறம் எல்லாக் கட்டங்களிலும் அநேகமாகப் பூஜ்யம். எவ்வளவு மிதித்தாலும் பூஜ்யம்.

"இதுல போனா எவ்ளோ வேகம் போவும்?"

"நாப்பது போனா அதிகம். திருடன் எட்த்துக்கினு ஓடக் கூடாதுன்னு வெப்பாங்க. இதுக்குத் தனியா ஒரு சுவிட்சு எங்கனா ஒளிச்சு வெச்சிருப்பான். தேடு."

ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருந்தது. கறுப்பு டேப் சுற்றி, கம்பிச் சுருளோடு சுருளாக. தள்ளினேன். எளாவூர் வரை ஓட்டினேன்.

நாற்பது. அதற்கு மேல் இல்லை. வண்டி திணறவில்லை. இருமவில்லை. ஆடவில்லை. அமைதியாக நாற்பதில் போய்க்கொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டேன். அன்று பின் சீட்டில் நைனாவின் தலை என் மடியில் இருந்தது. இதே சத்தம். டீசல் அடைத்தால் வண்டி குலுங்கிக் குலுங்கித்தான் போகும், இப்படி ஓடாது என்கிறார் துளசிங்கம். அன்று வண்டி குலுங்கவில்லை. நைனாவின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே வந்தேன். தலை என் மடியில் ஆடாமல் இருந்தது. எனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டரில் கடைசியாக எழுதின தேதியும் பதிவாகியிருக்கிறது. 9 ஜூன் 2019.

இரண்டு நாள் முன்னால்.

மூன்றாவது யாருடைய பாடு, அண்ணா?

செவ்வந்தி


மீஞ்சூர்
11 ஜூலை 2025

செவ்வந்தி,

துளசிங்கத்திடம் சொல்லி அந்த மூன்றாவதை அழித்துவிடு. வேறு எதுவும் கேட்காதே.

நீலமேகம்


சுண்ணாம்புக்குளம்
13 ஜூலை 2025

அழிக்கமாட்டேன்.

அழித்தால் அண்ணனிடம் காட்ட என்னிடம் எதுவும் இருக்காது. டீசல் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

இன்று காலையும் சவரம் செய்தான். இன்று காலையும் சொன்னான்.

செ.


மீஞ்சூர்
20 ஜூலை 2025

செவ்வந்திக்கு,

ஒரு வாரமாக எழுதுகிறேன். இது எத்தனையாவது தாள் என்று தெரியவில்லை.

ஏரியில் நம் நாளில் வேறு ஆள் வலை இறக்கினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். வலையை அறுப்பார்கள். அறுத்தவனை ஊர் ஒன்றும் கேட்காது. பாடு என்றால் பாடுதான். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அந்த மே மாதம் லோகு மூன்று முறை என் நாளில் வண்டியை எடுத்தான். இறால் நிறைய விழுந்த சமயம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் சொல்லலாம் என்று பார்த்தேன். காரை எந்தப் பாட்டில் சேர்ப்பார்கள்? சிரிப்பார்கள். நான்காவது முறை எடுத்தால் அவனே தெரிந்துகொள்ளட்டும் என்று அதை எழுதினேன். என் நாள் வந்தால் சீட்டுக்கு அடியில் தள்ளி வைப்பேன். அவன் நாளில் திருப்பிவிடுவேன். ஐஸ் உருக உருக நாற்பதில் போய்வரட்டும், அப்புறம் என்னிடம் வந்து கேட்பான், இரண்டு பேரும் கத்திக்கொண்டு ராசியாகிவிடுவோம் என்று நினைத்தேன். எழுதி முடித்தபோது சிரித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினொன்றாம் தேதி என் நாள். முந்தின ராத்திரியே சுவிட்சைத் தள்ளி வைத்திருந்தேன். விடியற்காலை லோகு கதவைத் தட்டினான். "நீலு, நைனாக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுடா. வண்டிய எட்த்துக்கினு போறேன்." அன்று கேட்டான். நான் "போடா, ஜல்தி போ" என்றேன். அந்த நிமிடம் அந்தச் சுவிட்ச் எனக்கு நினைவில் இல்லை. நம்பினால் நம்பு.

தெருமுனை திரும்பி அவன் மூன்றாம் கியர் போடுகிற சத்தம் எப்போதும் என் வீட்டுக்குக் கேட்கும். அன்று கேட்கவில்லை. தூக்கம் அப்போதுதான் கலைந்தது.

ஓடினேன். ஆள் இல்லை. போனில் கூப்பிட்டேன். லோகு எடுத்தான்.

நீ பின்னால் இருந்தாய். நைனா, நைனா என்கிற குரல் கேட்டது. லோகு சொன்னான், "இன்னான்னு தெர்லடா, வண்டி இழுக்க மாட்டேங்குது. நேத்து படகு டீசல் ஊத்துனேன், அதான் போல. ஒன்கிட்ட சொல்லல, தப்புதான்டா."

சீட்டுக்கு அடியில் கையை விடு. இதைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால், நான் பூட்டு வைத்தது தெரிந்துவிடும். அவன் என்னிடம் தப்புதான்டா என்கிறான், நான் எப்படிச் சொல்வேன். இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் மனதில் ஓடியது. அதற்குள் எளாவூர் கிட்டே போயிருப்பான், அங்கிருந்து ஆம்புலன்ஸ் கிடைக்கும் என்று எனக்கு நானே ஒன்றைச் சொல்லிக்கொண்டேன்.

"பாத்துப் போடா" என்றேன். வைத்துவிட்டேன்.

மறுமாதம் அவன் வந்து சாவியைக் கையில் கொடுத்தான். வண்டியைக் கெடுத்தது நான்தான், நீயே வெச்சுக்கோ என்றான். வாங்கிக்கொண்டேன். ஊரில் இருக்க முடியவில்லை. மீஞ்சூருக்கு வந்தேன். வண்டியைப் பார்க்க முடியவில்லை. விற்றேன். மூன்றாவதை அழித்துவிட்டுத்தான் விற்றிருக்க வேண்டும். லேப்டாப்பைத் திறந்தால் அந்த அட்டவணை வரும். திறக்கவில்லை.

லோகுவிடம் நீயே சொல்லிவிடு. இந்தக் கடிதத்தையே காட்டு.

நீலமேகம்


சுண்ணாம்புக்குளம்
25 ஜூலை 2025

அந்த அழைப்பு எனக்கு நினைவிருக்கிறது.

போனை வைத்ததும் யாரு என்று கேட்டேன். "நீலு. பாத்துப் போன்னான்," என்றான் அண்ணன். அந்த நேரத்தில் எங்களை நினைத்துக் கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள். ஆறு வருடமாக அந்த நாளில் நல்லது என்று நான் வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

இனி அது இல்லை. பரவாயில்லை.

கடிதத்தைக் காட்டமாட்டேன். படித்தும் சொல்லமாட்டேன். நான் சொன்னால் அண்ணன் நம்பமாட்டான். தன்னைத் தேற்றுவதற்காகத் தங்கை கட்டிய கதை என்பான். அவனுக்கு அந்தக் குற்றம் பழகிவிட்டது. உங்கள் வாயால் கேட்டால்தான் விடுவான்.

துளசிங்கம் அந்த அட்டவணையைத் தாளில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சுவரில் ஒட்டிவைத்து இரண்டு நாள் பார்த்தேன். எண்களாக மட்டும் பார்த்தால் அழகாக இருக்கிறது அண்ணா. ஒழுங்காக ஏறி, ஒழுங்காக இறங்கி, பிறகு பூஜ்யங்கள். ஒரு மனிதன் கோபமாக இருந்த ஒரு மதியம். மற்ற இரண்டையும் எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். முதலாவதில் திருத்தங்கள் தெரிகின்றன. ஒன்று இரண்டாக மாறி, மறுபடி ஒன்றாகி. இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது அதில் மட்டும்தான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டில் இருப்பான்.

செவ்வந்தி


மீஞ்சூர்
30 ஜூலை 2025

செவ்வந்திக்கு,

ஆகஸ்ட் மூன்றாம் தேதி வருகிறேன். பகலில் வருகிறேன், ஊர் பார்க்கட்டும்.

என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். கம்ப்யூட்டர், மேப் என்று ஆரம்பித்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்று தெரிகிறது. போனில் சொல்லியிருக்க வேண்டியதிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.

பயமாக இருக்கிறது. அவன் அடிப்பான் என்று இல்லை. அடிக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று.

நீலமேகம்


சுண்ணாம்புக்குளம்
5 ஆகஸ்ட் 2025

நீலமேகம் அண்ணனுக்கு,

நீங்கள் போன பிறகு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வாசலில் உங்கள் சட்டைப் பொத்தான் இரண்டு கிடந்தன. பொறுக்கி வைத்திருக்கிறேன். இதோடு அனுப்பவில்லை.

அண்ணன் மதியம் முழுக்கப் படகு கட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். வேலம்மா அத்தை போய்ச் சாப்பிடக் கூப்பிட்டார். "வேணாம் போ" என்று கத்தினான். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நான் போகவில்லை. தூரத்தில் நின்று பார்த்தேன். அழுதானா என்று தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

பொழுது சாய வீட்டுக்கு வந்தான். காருக்குப் பக்கத்தில் நின்றான். குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டான். கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தச் சுவிட்சைக் கம்பியோடு பிடுங்கி என் கையில் வைத்தான்.

"இத்தினியூண்டு," என்றான்.

பிறகு நைனாவின் அறைக்குள் போனான். வழக்கமாகக் காதருகே குனிந்துதான் பேசுவான். அன்று காலடியில் நின்றான். தெருவுக்கே கேட்கிற குரலில் பேசினான்.

"நைனா. டீசல் இல்ல நைனா. நா இல்ல."

நைனாவுக்கு எவ்வளவு புரிகிறது என்று டாக்டர்களுக்கே தெரியாது. கண் மட்டும் அண்ணன் பக்கம் திரும்பியது. அண்ணன் மறுபடியும் சொன்னான். திங்கட்கிழமை காலையிலும் சொன்னான். சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே, சாதாரணமாக, சந்தை நிலவரம் சொல்வதைப் போல. நான் வாசலில் பள்ளிக்குக் கிளம்பி நின்றிருந்தேன். ஆறு வருடத்தில் முதல் முறையாக அந்த அறையில் மன்னிப்புக் கேட்காமல் ஒரு சவரம் முடிந்தது.

உங்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை. நீங்கள் வந்ததற்கு நன்றி சொல்ல எனக்கு வரவில்லை. வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் தெரியும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதுவதானால் லோகநாதன் என்று முகவரி போட்டு எழுதுங்கள். பிரிப்பானா என்று தெரியாது. கிழிக்காமல் அவன் கையில் சேர்ப்பது என் பொறுப்பு.

செவ்வந்தி